இடியாப்பத்துக்கு அப்பன் யார்?

பிஜியின் பியூட்டி பார்லருக்குப் பின்னால் ஒரு சின்ன அறை உண்டு. அங்கே பழைய டவல்கள் போட்டு வைக்கும் கூடைக்குள் ஒரு சாம்பல் வரிப் பூனை குட்டி போட்டது. அது யாருடைய பூனையும் இல்லை. கரமனையில் மீன்கடைக்கும் பார்லருக்கும் நடுவில் தன் இஷ்டத்துக்கு வாழ்கிற பூனை. போட்ட நாலில் மூன்று, அச்சில் வார்த்த மாதிரி தாயைப் போலவே சாம்பல் வரி. நாலாவதைப் பார்த்ததும் பிஜிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

அது முழு வெள்ளை. உடம்பில் ஒரு ரோமம்கூட நேராக இல்லை. நாழியில் பிழிந்து தட்டில் விட்ட இடியாப்பம் மாதிரி சுருண்டு சுருண்டு கிடந்தது. மீசைகூட நெருப்பில் காட்டின நூல் போல வளைந்திருந்தது. பிஜி அங்கேயே அதற்குப் பெயர் வைத்துவிட்டாள். இடியாப்பம்.

பிஜிக்குச் சொந்த ஊர் களியக்காவிளைப் பக்கம். ஆட்டோ ஓட்டும் ஷாஜியைக் கட்டித் திருவனந்தபுரத்துக்கு வந்தவள். கரமனையில் அவள் பார்லர் பேர் எடுத்ததே முடியை நிமிர்த்தித்தான். எப்பேர்ப்பட்ட சுருட்டை உள்ளே போனாலும் ஈ உட்கார்ந்தால் வழுக்குகிற மாதிரி வெளியே வரும். ஊர்ச் சுருளை எல்லாம் நிமிர்த்திச் சோறு தின்கிறவள் கடையில், பிறக்கிற குட்டி சுருண்டு பிறந்தால் எப்படி இருக்கும்? குட்டி கண் திறந்த அன்றைக்கே படம் பிடித்து வாட்ஸாப் ஸ்டேட்டஸில் போட்டாள். "எங்கள் பார்லரில் பிறந்தால் பூச்சைக்கும் கர்லிங் இலவசம்!" என்று மலையாளத்தில் கீழே எழுதினாள். பூச்சை என்றால் அங்கே பூனை.

அந்த ஸ்டேட்டஸ் போகாத வீடு இல்லை. குட்டியைப் பார்க்க என்றே பெண்கள் வந்தார்கள். வந்தவர்கள் சும்மா போக வெட்கப்பட்டுப் புருவமாவது எடுத்துக்கொண்டு போனார்கள். இடியாப்பமும் லேசுப்பட்டது இல்லை. யார் தூக்கினாலும் கழுவின துணி மாதிரித் துவண்டு கொடுக்கும். டிரையர் சத்தத்துக்கு மற்ற குட்டிகள் பறந்தடித்து ஓடும்போது, இது சூடு வருகிற பக்கமாய்ப் புரண்டு படுக்கும். பிஜிக்கு அதன்மேல் உயிர்.

மூன்று நாலு மாதம் ஆகியிருக்கும். ஒரு காலையில் குட்டியை மடியில் போட்டுத் தடவினாள். கையோடு ஒரு பிடி ரோமம் வந்தது. அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம். பாக்கி நின்ற முடியிலும் சுருள் போய், மழையில் நனைந்த பஞ்சு போலத் திட்டுத் திட்டாகத் தொங்கியது. இடியாப்பம் மட்டும் எதுவுமே நடக்காத மாதிரி டிரையர் சூட்டில் புரண்டுகொண்டிருந்தது.

மாதா மாதம் டை அடிக்க வருகிறவர் ரத்னாபாய் டீச்சர். பள்ளிக்கூடத்தை விட்டு வந்து வருஷங்கள் ஆகியும் உரத்த குரல் மட்டும் அவரை விட்டுப் போகவில்லை. அவர் குட்டியைப் பார்த்தார், பிஜியைப் பார்த்தார், அலமாரியில் வரிசையாக நிற்கும் குப்பிகளைப் பார்த்தார்.

"பிஜி, அந்தத் தள்ளைப் பூச்சை, இதுக்க அம்மை, உனக்க கடையிலே டிரெயினேஜ் தண்ணியைக் குடிச்சிருக்கும். நீ தலையில தேய்க்கிய கெமிக்கல் எல்லாம் அதிலதானே போகுது? அதான் முதல்ல சுருண்டுச்சு, இப்போ முடியெல்லாம் கொழியுது."

"ஐயோ டீச்சர், அப்படி ஒண்ணும் இல்லே."

"இல்லேன்னா சந்தோஷம். எனக்கு இன்னைக்கு டை வேண்டாம்."

கடைக்குள் சொன்னதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. பஸ் ஸ்டாப்பில் சொன்னார். சர்ச் வாசலில் சொன்னார். கிழக்கேகோட்டைக்குப் போகிற பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரியிடம் சொன்னார். 'பூச்சைக்கும் கர்லிங்' என்று பிஜியே ஊருக்கெல்லாம் தண்டோரா போட்டிருந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. வாய்விட்ட வார்த்தை இப்படியா வந்து தலையில் ஏறும்! முடி நிமிர்த்த வந்த பெண்கள் வழியிலேயே திரும்பினார்கள். ஸ்ரீலட்சுமி என்ற பெண்ணின் கல்யாண மேக்கப்பைப் பிஜிதான் செய்வதாகப் பேச்சு. அவள் அம்மா போன் செய்து, "இந்தத் தடவை வேற இடத்துல பார்த்துக்கறோம் மோளே, அடுத்த தடவை உங்கிட்டயே வாரோம்" என்றாள். கல்யாணத்துக்கு ஏது அடுத்த தடவை என்று, வைத்துவிட்ட போனிடம் பிஜி கேட்டாள்.

அன்று மத்தியானமே இடியாப்பத்தைக் கூடையில் போட்டுக்கொண்டு பூனை டாக்டரிடம் போனாள். டாக்டர் சுஜின் சின்ன வயசுக்காரன், அவனும் மார்த்தாண்டம் பக்கத்து ஆள். குட்டியைப் புரட்டினான், காதுக்குள் பார்த்தான், தோலை விரித்துப் பார்த்தான். கடைசியில் மீசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"அக்கா, இது நோய் இல்லே. செல்கர்க் ரெக்ஸ்னு சுருட்டை முடிப் பூச்சையில ஒரு இனம் உண்டு. அதுக்க ரத்தமாக்கும் இது. பிறக்கும்போ சுருள் இருக்கும். கொஞ்ச மாசத்தில போயி இப்படிச் சோனியாட்டு நிக்கும். பின்ன ஒரு வயசு ஆகப்போகும்போ பழையதைவிட அடர்த்தியாட்டு வரும். நடுவில முடி ஏமாத்தும். மீசை ஏமாத்தாது. பாருங்க, இப்பவும் வளைஞ்சுதானே இருக்கு?"

"எனக்க மருந்துனால இல்லியே? டிரெயினேஜ் தண்ணியைக் குடிச்சுதுன்னு ஒரு டீச்சர் ஊரெல்லாம் சொல்லிட்டு நடக்காங்க."

"மருந்துல பூச்சைக்குச் சுருள் வருமானா அமெரிக்காக்காரன் எப்பவோ உங்க டிரெயினேஜை விலைக்கு வாங்கியிருப்பான். அம்மையோ அப்பனோ ஒருத்தருக்குச் சுருள் இருந்தாத்தான் இதுக்கு வரும். ஒருத்தருக்கு இருந்தாலே போதும். அம்மைக்கு இல்லே. அப்போ அப்பனுக்கு இருக்கணும். அவன் இங்கதான் பக்கத்தில எங்கயோ வசமாட்டு இருக்கான்."

"இதை ஒரு பேப்பர்ல எழுதித் தருவீங்களா?"

"தரலாம். உங்க டீச்சர் அதை நம்புவாங்களா?"

பிஜி யோசித்துப் பார்த்தாள். ரத்னாபாய் டீச்சர் தன் கண்ணைத் தவிர எதையும் நம்புகிறவர் இல்லை. அதில்கூட ஒரு கண்ணைத்தான் முழுதாக நம்புவார்.

அப்பனைக் கண்டுபிடிக்க வேண்டும். வேறு வழியே இல்லை.

அடுத்த நாளிலிருந்து தேடல் தொடங்கியது. கடைக்கு வருகிறவர்கள் சிலபேர்தான். ஆனால் முகத்தில் பேக் போட்டுக்கொண்டு கண்மூடிக் கிடக்கிற பெண்ணிடம் எதையும் கேட்டுவிடலாம். பெண்ணைப் பெற்றவள் மாப்பிள்ளை விசாரிக்கிற மாதிரி பிஜி விசாரித்தாள். உங்க தெருவில பூச்சை உண்டா? ஆணா? நிறம் என்ன? முடி எப்படி? கைமனம் பக்கம் ஒரு பணக்கார வீட்டுப் பாரசீகப் பூனையைப் போய்ப் பார்த்தாள். மூக்கு சப்பை, முடி நேர். ஆற்றுக்கு அக்கரையில் ஒரு சுருட்டைப் பூனை என்று கேள்விப்பட்டு ஓடினாள். அது பெயின்ட் டப்பாவில் விழுந்து எழுந்த சாதாப் பூனை.

"எனக்க பெஞ்சாதி பூச்சைக்க அப்பனைத் தேடி நடக்கா" என்று ஷாஜி ஆட்டோ ஸ்டாண்டில் சொல்ல, ஸ்டாண்டே சிரித்தது. சிரித்தாலும் ஒவ்வொருவரும் சவாரி போகிற இடத்தில் ஒரு கண் வைத்துக்கொண்டார்கள்.

துப்புக் கிடைத்தது யாரிடமிருந்து தெரியுமா? ரத்னாபாய் டீச்சரிடமிருந்தே. டை வேண்டாம், புருவம் மட்டும் என்று வந்து சாய்ந்தவர், நூல் ஓட ஓட ஊர் நியாயம் பேசினார்.

"காலம் கெட்டுப் போச்சு பிஜி. ஆத்துப் பக்கத்துத் தெருவிலே ஒரு வீட்டில மாடியில ஆடு வளர்க்காங்க! வெள்ளை ஆடு. நேத்து ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால உக்காந்து என்னையே பாக்குது. தைரியத்தைப் பாரு, ஜன்னல் படியில உக்காந்து காலைத் தூக்கி நக்குது."

பிஜியின் கையில் நூல் நின்றது. "ஆடு காலைத் தூக்கி நக்குமா டீச்சர்?"

டீச்சர் ஒரு கண்ணைத் திறந்தார். "ஏன், நக்காதா?"

அதற்குமேல் பிஜிக்கு நிலைகொள்ளவில்லை. அந்த வீடு எது என்று கேட்டுக்கொண்டு, இடியாப்பத்தைக் கூடையில் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். இரண்டாவது புருவத்தைப் பாதியில் விட்டுப் போனதை டீச்சர் பிற்பாடு பல இடங்களில் சொல்லிக் காட்டினார்.

மாடி வீட்டில் இருந்தவர்கள் குற்றாலலிங்கமும் அவர் மனைவி சரஸ்வதியம்மாளும். தென்காசிப் பக்கத்துக்காரர்கள். சாலைக் கம்போளம் சந்தையில் ஜவுளிக்கடைகளுக்குக் கணக்கு எழுதி ஓய்ந்தவர் அவர். கதவைத் திறந்ததும் பிஜியின் கண் அவரைத் தாண்டி உள்ளே போனது. சோபாவில், பேப்பர்மேல் படுத்திருந்தது அந்த ஆடு.

பிஜி அப்படி ஒரு பூனையைப் பார்த்ததே இல்லை. உருண்டைத் தலை. உருண்டைக் கண். கட்டுமஸ்தான உடம்பு. கழுத்திலிருந்து வால் நுனிவரை வெள்ளைச் சுருள், கடையில் விற்கிற பொம்மைக் கரடிக்கு உயிர் வந்த மாதிரி. வளைந்த மீசை. அறியாத ஆள் வந்ததற்கு அது ஓடவில்லை, எழவில்லை. ஒரு கண்ணைத் திறந்து, வந்தவள் தன்னைத் தடவப் போகிறாளா இல்லையா என்று மட்டும் பார்த்தது.

"யாரு, தெரியலையே?" என்றார் குற்றாலலிங்கம்.

"ஜங்ஷன் பக்கம் பார்லர் வச்சிருக்கேன் சார், பேரு பிஜி. ஒரு காரியம் கேக்கணும், தப்பா நினைக்கப்பிடாது. உங்க பூச்சை வெளிய போகுமா?"

"துரையா? வெளியவா?" அவர் முகம் சிவந்தது. "எங்க மகன் ராகேஷ் பெங்களூர்ல ஆசை ஆசையா வாங்கி வளர்த்தது. கனடாவுக்குப் போகும்போது என் கையில ஒப்படைச்சிட்டுப் போயிருக்கான். இவன் வம்சம் என்ன, வழி என்ன! இந்த வீட்டுப் படியைத் தாண்டினது கிடையாது, கேட்டீயளா? சுத்த பிரம்மச்சாரி."

பிஜி மெல்லக் கூடையைத் திறந்தாள். இடியாப்பம் வெளியே வந்து, திட்டுத் திட்டான முதுகோடு தரையில் உட்கார்ந்து கொட்டாவி விட்டது.

"இதுக்கு அப்பன் உங்க துரைதான்னு எனக்கு ஒரு சம்சயம் சார்."

"இதுக்கா?" அவர் இரண்டடி பின்னால் போனார். "நனைஞ்ச எலி மாதிரி இருக்கு! துரை எங்க, இது எங்க!"

"மீசையைப் பாருங்க சார்."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். இந்த மீசையைப் பார்த்தார். சோபாவில் இருந்த மீசையைப் பார்த்தார். மறுபடி இதைப் பார்த்தார். "மீசை யாருக்கும் வளையும்" என்றார். ஆனால் குரல் இறங்கியிருந்தது.

அப்போது சோபாவிலிருந்து துரை எழுந்தது. முன்னங்காலை நீட்டிச் சோம்பல் முறித்தது. வழக்கமான வேலைக்குப் போகிறவன் மாதிரி அடுக்களைப் பக்கம் நடந்தது. உள்ளே தாழ்ப்பாள் விலகும் சத்தம். கூடவே சரஸ்வதியம்மாளின் குரல், ரொம்பச் செல்லமாய்:

"வந்துட்டியா ராசா? போ, போயிட்டு வெரசலா வந்திரு. அவுக உறங்கி எந்திரிக்கதுக்குள்ள வரணும், என்ன?"

பிஜி சிரிக்கக் கூடாது என்று கூடையின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள். சரஸ்வதியம்மாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். பிஜியைப் பார்த்தாள், தரையில் இருந்த குட்டியைப் பார்த்தாள், உறங்காமல் நிற்கிற புருஷனைப் பார்த்தாள்.

"சரசு, பின்கதவை எதுக்குத் திறந்தே?"

"காத்து வரட்டும்னு திறந்தேன்."

"காத்துக்கிட்டயா போயிட்டு வெரசலா வான்னு சொன்னே?"

அவள் நேராகவே சொல்லிவிட்டாள். "ஆமா, நான்தான் தெனமும் திறந்து விடுதேன். நீங்க பேப்பரை மூஞ்சியில போட்டு உறங்கிருதீய. அது ஜன்னல்ல உக்காந்து போற வார சனத்தைப் பார்த்து ஏங்குது. ஆம்பளைப் பிள்ளையை எத்தனை நாளைக்குப் பூட்டி வைக்கது? ஆத்தங்கரை வரைக்கும் போயி காலாற நடந்துட்டு வரும்னு நினைச்சேன். பார்லருக்குப் போகும்னு கண்டேனா?"

இதைச் சொல்லிக்கொண்டே குனிந்து இடியாப்பத்தைத் தூக்கினாள். அது வழக்கம்போலத் துவண்டு அவள் தோளில் தலையைச் சாய்த்தது. "ஏங்க, துரையைத் தூக்கினாலும் இப்படித்தானே கிடப்பான்?" என்றாள். குற்றாலலிங்கம் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

பிஜி தன் கஷ்டத்தைச் சொன்னாள். ஒரே ஒரு தடவை துரையைக் கடைக்குக் கொண்டுவந்து நாலு பேர் கண்ணில் காட்டினால் போதும், ஊர் வாய் அடங்கும் என்றாள்.

"பொம்பளையாளுக தலைவாருத கடைக்கு நானா? நல்லா இருக்கே!" என்றார் அவர் முகத்தைத் திருப்பாமல்.

"நீங்க வர வேண்டாம்" என்றாள் சரஸ்வதியம்மாள். "நான் வாரேன்."

சனிக்கிழமை பார்லர் நிறைந்துவிட்டது. ரத்னாபாய் டீச்சர் முதல் நாற்காலியில். ஸ்ரீலட்சுமியும் அவள் அம்மாவும் சுவரோரம். மீன்கடைக்காரி வாசல் நிலையில் சாய்ந்தபடி. ஷாஜியின் ஆட்டோவிலிருந்து சரஸ்வதியம்மாள் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு இறங்கினாள், இடுப்பில் துரை. கடைக்குள் 'அய்யோ' என்று ஒரே குரல்.

அதற்கப்புறம் துரைக்குக் கால் தரையில் படவில்லை. மடி மடியாகப் போனது. ஒருத்தி காதை நீவினாள், ஒருத்தி மீசையை இழுத்துப் பார்த்தாள், இன்னொருத்தி வயிற்றில் முகம் புதைத்தாள். வேறொரு பூனையாக இருந்தால் அன்றைக்கு நாலு பேருக்காவது ஊசி போட வேண்டி வந்திருக்கும். துரை உரக்கக் குர்ர் குர்ர் என்றதே தவிர நகத்தை வெளியே எடுக்கவில்லை. கடைசியில் தலை கழுவும் பேசினுக்குள் இறங்கி, வழிந்த மாவு மாதிரி அதை நிறைத்துப் படுத்துக்கொண்டது. இடியாப்பம் தத்தித் தத்தி ஏறி அதன் வயிற்றோடு ஒட்டிப் படுத்தது. இரண்டு மீசையும் ஒரே வளைவு.

கடை முழுக்க ரத்னாபாய் டீச்சரையே பார்த்தது. டீச்சர் தொண்டையைச் செருமினார். "நான்தான் அன்னைக்கே சொன்னேனே, மாடியில ஒரு ஆடு இருக்குன்னு? முதல்ல கண்டுபிடிச்சது யாரு?"

பிஜிக்குக் கோபம் வர வேண்டிய இடம். ஆனால் சிரிப்புத்தான் வந்தது.

"இது எந்த நாட்டுப் பூச்சை?" என்று ஸ்ரீலட்சுமி கேட்டாள்.

"மொன்டானா!" என்று வெளியிலிருந்து ஒரு குரல் வந்தது. எல்லாரும் திரும்பினார்கள். 'பெண்களுக்கு மட்டும்' என்ற போர்டுக்குக் கீழே, கண்ணாடிக் கதவைக் கொஞ்சமாகத் திறந்து பிடித்துக்கொண்டு, முகத்தைத் தெருப் பக்கம் வைத்தபடி குற்றாலலிங்கம் நின்றார். ஆட்டோவுக்குப் பின்னாலேயே நடந்து வந்திருக்கிறார்.

"அமெரிக்காவில மொன்டானா. ஆயிரத்தித் தொள்ளாயிரத்து எண்பத்தேழு" என்று தெருவைப் பார்த்தே சொன்னார். "ஒரு குட்டி மட்டும் சுருட்டையாப் பிறந்திருக்கு, கூடப்பிறந்தது எல்லாம் நேர் முடி. பாரசீகப் பூனை வளர்க்குத ஒரு அம்மா அதைக் கொண்டுபோய், தன் வீட்டுக் கறுப்புப் பாரசீகத்துக்குக் கட்டி வச்சா. பிறந்ததில பாதி சுருட்டை. அதுல இருந்து தழைச்ச வம்சமாக்கும் இது. லேசுப்பட்டதில்ல!"

"அந்த முதல் குட்டி யார் வீட்டுல பிறந்துச்சு?" என்று சரஸ்வதியம்மாள் உள்ளிருந்து கேட்டாள்.

தெருவில் ஒரு பஸ் போனது. அந்தச் சத்தத்தோடு சத்தமாய்ப் பதிலை முடித்துவிடப் பார்த்தார். "ஆதரவில்லாத பிராணிகளை வச்சுக் காப்பாத்துத ஒரு இடம்" என்றார் சத்தம் குறைத்து.

"அப்போ துரைக்க மூத்த பாட்டியும் நம்ம மீன்கடைப் பூனை மாதிரித்தானா?"

"தெருவுன்னு சொல்ல முடியாது..."

"பின்ன, அரமனையா?"

மீன்கடைக்காரி சிரித்த சிரிப்பில் பேசினில் துரை கண் விழித்தது.

அன்று மாலையே ஸ்ரீலட்சுமியின் அம்மா, எல்லாம் முதலில் பேசினபடியே என்று சொல்லிவிட்டாள். ரத்னாபாய் டீச்சர் புருவத்தின் பாக்கியை எடுத்துக்கொண்டு டையும் அடித்துக்கொண்டார். டாக்டர் சுஜின் சாம்பல் வரித் தாய்க்குக் குடும்பக்கட்டுப்பாடு ஆபரேஷன் செய்தான், துரைக்கும் செய்தான். துரை ஒரே நாளில் தேறியது. குற்றாலலிங்கம்தான் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. பின்கதவு மட்டும் முன்போலவே மத்தியானத்தில் திறந்தது. இப்போது அவர் கையாலேயே.

மழைக்காலம் முடிந்தபோது டாக்டர் சொன்னபடி இடியாப்பத்துக்கு முடி வந்தது. சும்மா வரவில்லை, பொங்கி வந்தது. கழுத்தில் ஒரு சால்வையே சுற்றின மாதிரி. அதைக் கேள்விப்பட்டுக் குற்றாலலிங்கம் மனைவியோடு கிளம்பி வந்தார். போர்டைப் பார்த்து ஒரு கணம் தயங்கி, பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளேயே வந்துவிட்டார்.

"எங்க வீட்டு ரத்தம். எங்ககிட்ட வளர்றதுதான் முறை" என்றார்.

பிஜி கையிலிருந்த சீப்பைக் கீழே வைத்தாள். நியாயம் பேசினால் அவர் சொல்வது சரிதான். துரை வந்து நின்றிராவிட்டால் இந்தக் கடைக்கு இந்நேரம் பூட்டுத்தான். "கொண்டுபோங்க சார்" என்றாள். இடியாப்பத்தைத் தூக்கி அவர் கையில் கொடுத்துவிட்டு, வேலை இருக்கிற மாதிரி சீப்புகளை அடுக்க ஆரம்பித்தாள். கண்ணாடியில் தன் முகம் தெரியாத பக்கமாய் நின்றுகொண்டாள்.

சரஸ்வதியம்மாள் மூலையில் உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் ஒரு சாம்பல் வரிப் பூனை ஏறியிருந்தது. இடியாப்பத்தோடு பிறந்த மூன்றில் இரண்டு வீடு தேடிப் போய்விட்டன. மிச்சம் இருந்தது இது. சுருட்டை இல்லை, வெள்ளை இல்லை, பெயரும் இல்லை. கடையில் எல்லாரும் 'மற்றது' என்றுதான் சொல்வார்கள். அது அவள் வளையலை முகர்ந்துவிட்டு, கைக்குள் தலையை நுழைத்துக் கண்ணை மூடியது.

"ஏங்க, அதை அந்தப் பிள்ளைகிட்டயே குடுங்க. நாம இதைக் கொண்டுபோவோம்."

"இதையா? இதுல என்ன இருக்கு? சாதா நேர் முடி."

"துரைக்க மகதானே இதுவும்? சுருட்டை இருந்தாத்தான் பேத்தியா? ராகேஷுக்குத் தலை நிறையச் சுருட்டை. உங்களுக்கு என்ன இருக்கு? அதுக்காக நீங்க அவனுக்கு அப்பா இல்லேன்னு யாராவது சொன்னாங்களா?"

குற்றாலலிங்கத்தின் கை தன்னையறியாமல் தன் வழுக்கையைத் தடவியது. கையிலிருந்த இடியாப்பத்தை ஒருமுறை பார்த்தார். மனைவியின் மடியையும் பார்த்தார். அந்த 'மற்றது' ஒரு கண்ணை மட்டும் திறந்து அவரை அளந்தது.

"பாக்குத பார்வை துரை பார்வைதான்" என்று முனகினார். இடியாப்பத்தைத் திரும்பப் பிஜியிடம் நீட்டினார். பிஜி வாங்கிய வேகத்தில் அடுக்கின சீப்பெல்லாம் கீழே சரிந்தன.

அவர்கள் தெருவில் இறங்கி நடப்பதைப் பிஜி வாசலில் நின்று பார்த்தாள். பூனையைச் சரஸ்வதியம்மாள் தூக்கி வரக் கேட்டும் அவர் கொடுக்கவில்லை. நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார். டீக்கடை வாசலில் தெரிந்தவர் ஒருவர் மறித்தார்.

"என்ன சாரே, மொன்டானா மொன்டானான்னு சொல்லிட்டு நடந்தீங்க. இது நம்ம நாட்டுப் பூச்சை மாதிரி இருக்கே?"

குற்றாலலிங்கம் நடையைக்கூட நிறுத்தவில்லை.

"இது அம்மா சாடை, வே" என்றார்.